வெந்நீர் ஏன் தீர்ந்துபோகிறது?

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நம் வீடுகளில் தவறாமல் எழும் குரல் ஒன்று உண்டு. "வெந்நீர் தீர்ந்துபோய்விட்டது!" என்பதே அது. முதலில் எழுந்தவர் ஆவி பறக்கக் குளித்துவிட்டு வருகிறார். இரண்டாமவருக்கும் குறைவில்லை. மூன்றாமவர் பாதிக் குளியலில் நடுங்குகிறார். நான்காமவரோ பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். அந்த நான்காமவர் பெரும்பாலான இல்லங்களில் நம் அன்னையே. அனைவருக்கும் சமைத்து, மதிய உணவைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தானே அவர் குளிக்கச் செல்கிறார்?

உடனே பழி முழுவதும் கீசரின்மேல் விழுகிறது. "பழசாகிவிட்டது, பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்" என்று பேச்சு எழுகிறது. ஆனால் பல வீடுகளில் கீசரிடம் குற்றம் ஏதும் இல்லை. அது தன் அளவுக்கு உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் அளவு என்ன என்பதைத்தான் நாம் அறிந்துகொள்ளவில்லை. வகுப்பில் நாம் படித்த வெப்பவியல் பாடம் இங்கே நமக்குக் கைகொடுக்கும். வெந்நீர் எவ்வாறு நமக்குக் கிடைக்கிறது, அது ஏன் தீர்கிறது, தீராமல் இருக்க என்ன செய்யலாம், எவற்றைச் செய்யவே கூடாது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பழைய பாய்லரும் புதிய கீசரும்

பாட்டியின் காலத்து வீடுகளில் செம்பினாலான விறகு பாய்லர் இருந்தது. இன்றும் சில வீடுகளின் பின்கட்டில் அதைக் காணலாம். உயரமான உருளை வடிவம், அடியில் நெருப்பு, நடுவே மேல்நோக்கிச் செல்லும் புகைக்குழாய், அக்குழாயைச் சுற்றிலும் தண்ணீர் என்பதே அதன் அமைப்பு. இத்தகைய பாய்லர்கள் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மேலேயுள்ள புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால், பக்கத்து மூக்கின் வழியே ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும். ஊற்றாவிட்டால் வராது.

இதன் காரணம் எளிது. வெந்நீர் குளிர்ந்த நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலே நிற்கும். புனலில் ஊற்றிய தண்ணீர் ஒரு குழாய் வழியே அடிப்பகுதிக்குச் சென்று, மேலே நிற்கும் வெந்நீரை வெளியே தள்ளுகிறது.

இன்று நம் குளியலறைச் சுவரில் தொங்கும் மின்சாரக் கீசரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த நீர் கீசரின் அடிப்பகுதியில் நுழைகிறது. வெந்நீரை எடுத்துச் செல்லும் குழாய், உள்ளே மேல்மட்டம் வரை நீண்டிருக்கிறது. நாம் குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர் கீழே புகுந்து, வெந்நீரை மேலிருந்து வெளியேற்றுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஒன்று, மேல்நிலைத் தொட்டி காலியாக இருந்தால், கீசருக்குள் வெந்நீர் நிறைந்திருந்தாலும் அது வெளியே வராது. தள்ளுவதற்கு ஆளில்லை என்பதே காரணம். குழாய் வறண்டவுடன் கீசர் கெட்டுவிட்டதாக எண்ணாமல், முதலில் மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும். இரண்டு, வெந்நீர் "தீர்ந்த" பிறகும் கீசர் காலியாவதில்லை. எவ்வளவு வெந்நீர் வெளியேறியதோ அவ்வளவு குளிர்ந்த நீர் உள்ளே வந்துவிட்டது. தீர்ந்தது தண்ணீர் அன்று, வெப்பமே!

கீசர் என்னும் பெயர் ஐஸ்லாந்து நாட்டில் பூமியிலிருந்து பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868-ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் தண்ணீரைச் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்து, அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அக்கருவியில் புகை வெளியேற வழியில்லை என்பது ஒரு பெருங்குறை. அக்குறையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச நேரிடும்.

வாளிக் கணக்கு

ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோ ஜூல் வெப்பம் தேவை என்பதைப் படித்திருக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பல வீடுகளில் உள்ள கீசர் 25 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோ வாட் திறனும் கொண்டது. அதாவது, ஒரு விநாடிக்கு 2 கிலோ ஜூல் வெப்பம் தருவது.

நம் ஊர்த் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 60 டிகிரிக்கு உயர்த்த வேண்டும்.

25 × 4.2 × 40 = 4200 கிலோ ஜூல்

இதை 2-ஆல் வகுத்தால் 2100 விநாடிகள், அதாவது 35 நிமிடங்கள். பத்து நிமிடத்தில் வெந்நீர் தயாராகவில்லையே என்று கீசரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. செலவாகும் மின்சாரம் 1 யூனிட்டுக்குச் சற்று மேல்.

60 டிகிரி நீரை அப்படியே உடலில் ஊற்ற இயலாது. விளாவித்தான் குளிக்க வேண்டும். குளிப்பதற்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி. 60 டிகிரி நீர் 25 லிட்டரும் 20 டிகிரி நீர் 25 லிட்டரும் சேர்ந்தால், 40 டிகிரி நீர் 50 லிட்டர் கிடைக்கும். நம் வாளி 16 லிட்டர் கொள்ளும் எனில் இது மூன்று வாளி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் 64 லிட்டர் வேண்டும். நான்காம் வாளி எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. அது முதலிலிருந்தே கீசருக்குள் இல்லை!

இனி, மலைப்பகுதிக்குச் செல்வோம். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற இடங்களில் குளிர்காலக் காலையில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரி என்று கொள்வோம். அதே கீசர், அதே 60 டிகிரி.

25 × 4.2 × 50 = 5250 கிலோ ஜூல்

இப்போது ஏறத்தாழ 44 நிமிடங்கள் ஆகின்றன. அம்மட்டோடு நிற்கவில்லை. விளாவும் தண்ணீரும் 10 டிகிரியாக இருப்பதால், 25 லிட்டர் வெந்நீரோடு சுமார் 17 லிட்டர் மட்டுமே கலக்க முடியும். அதற்கு மேல் கலந்தால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஆக மொத்தம் 42 லிட்டர், இரண்டரை வாளிக்குச் சற்று மேல். குளிர்காலம் நம்மை இரு பக்கமும் நெருக்குகிறது. வெந்நீர் தயாராக நேரம் கூடுகிறது. தயாரான வெந்நீரோ குறைந்த வாளிகளுக்கே போதுமானதாகிறது. வெயில் காலத்தில் நன்றாக உழைத்த கீசர் குளிர்காலத்தில் சோம்பிவிட்டது என்று நாம் எண்ணுவதன் இரகசியம் இதுவே.

ஒன்றை மறக்கலாகாது. கீழே புகும் குளிர்ந்த நீர் மேலுள்ள வெந்நீரோடு ஓரளவு கலந்துவிடும். சுவரின் வழியேயும் குழாயின் வழியேயும் சிறிது வெப்பம் கழியும். ஆகையால் நடைமுறையில் கிடைப்பது கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

மின்னழுத்தம் செய்யும் மாயம்

சில ஊர்களில் காலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவதுண்டு. 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் கீசர், 180 வோல்ட்டில் எவ்வளவு தரும்? திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 180-ஐ 230-ஆல் வகுத்து, விடையைத் தன்னாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.61 வரும். ஆகவே கிடைக்கும் திறன் சுமார் 1225 வாட் மட்டுமே. 35 நிமிடங்களில் முடிய வேண்டிய வேலைக்கு 57 நிமிடங்கள் ஆகும். விளக்கு மங்கலாக எரியும் காலையில் கீசரும் மெல்லத்தான் வேலை செய்யும்.

முன்பைவிட விரைவில் தீர்ந்தால்

மேற்கண்ட கணக்கின்படி மூன்று வாளி கிடைத்துவந்த கீசர், அதே பருவத்தில் திடீரென்று ஒன்றரை வாளியே தருகிறது எனில் அங்கே ஏதோ பழுது இருக்கிறது. முக்கியக் காரணங்கள் வருமாறு:

1. தெர்மாஸ்டாட்: நீர் உரிய சூட்டை அடைந்ததும் மின்சாரத்தைத் துண்டிப்பது இது. யாராவது இதைக் குறைத்து வைத்திருந்தாலோ, இது பழுதுபட்டு முன்னதாகவே துண்டித்தாலோ வெந்நீர் விரைவில் தீரும்.

2. உப்புப் படிவு: கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருப்பதுண்டு. சூடாகும்போது அது கால்சியம் கார்பனேட்டாக மாறி வெண்மையாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் நாம் காணும் வெள்ளைப் படலம் இதுவே. கீசரின் சூடேற்றும் கம்பியை இது போர்வைபோல மூடிக்கொண்டால், வெப்பம் நீருக்கு எளிதில் செல்லாமல் கம்பி மிகைச்சூடு அடைந்து எரிந்துபோகும். அடியில் சேர்ந்த படிவம் தண்ணீருக்குரிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும். விறகு பாய்லரில் இதே படிவு விறகைத்தான் வீணாக்கும்.

3. உட்குழாய்ப் பழுது: குளிர்ந்த நீரை அடியில் சேர்க்கும் உட்குழாயோ, மேல்மட்டத்திலிருந்து வெந்நீரை எடுக்கும் உட்குழாயோ உடைந்தால், வெந்நீரோடு குளிர்ந்த நீரும் கலந்து வெளியே வரும்.

4. குழாய்க் கலப்பு: வெந்நீரும் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்து வரும் அமைப்புள்ள குளியலறைகளில், இரு திருகுகளையும் திறந்து வைத்து முனையை மட்டும் மூடிவிட்டால், குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகக்கூடும். கீசர் நன்றாக இருந்தும் வெதுவெதுப்பான நீரே வரும்.

5. கசிவு: வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் சொட்டினால், நாம் விழிக்கும் முன்னரே வெப்பம் சாக்கடைக்குப் போய்விடும்.

மாடித் தொட்டி, மின்னழுத்தம், குழாய்த் திருகு, கசிவு ஆகியவற்றை நாமே கவனித்துவிடலாம். கீசரின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை எதுவாயினும் அது தேர்ந்த மின்பணியாளருக்கே உரியது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வாளியும் சொம்பும். ஷவர் நிமிடத்திற்கு 8 லிட்டர் கொட்டினால், 50 லிட்டர் இதமான நீர் ஏறத்தாழ 6 நிமிடங்களில் தீர்ந்துவிடும். மூன்று பேருக்குரியதை ஒருவரே தம்மை அறியாமல் செலவழித்துவிடுகிறார். குளிர்காலத்தில் வாளியில் பிடித்துக் குளிப்பதே வீட்டார் அனைவருக்கும் நல்லது.

இரண்டாவது, இடைவெளி. கீசர் இழந்த வெப்பத்தை மீண்டும் ஈட்ட அதற்கு நேரம் தரவேண்டும். 16 லிட்டர் இதமான நீருக்கு வேண்டிய வெப்பத்தைத் தர, 20 டிகிரித் தண்ணீருக்குச் சுமார் 11 நிமிடங்களும், 10 டிகிரித் தண்ணீருக்குச் சுமார் 17 நிமிடங்களும் ஆகும். ஆகவே மலைப்பகுதி வீட்டில் நால்வர் குளிக்க வேண்டுமானால், இருவர் குளித்தபின் கீசரை அரைமணி நேரம் இயங்கவிட்டு, அதன்பின் மற்ற இருவர் குளிக்கலாம். பெரிய கீசர் வாங்காமலே நான்காம் வாளி கிடைத்துவிடும். அந்த அரைமணி நேரத்தில் பாடம் படிக்கலாம், படுக்கையை மடித்து வைக்கலாம், அடுக்களையில் அம்மாவுக்கு உதவலாம்.

மூன்றாவது, குழாயில் நிற்கும் நீர். கீசர் ஓரிடத்திலும் குளியலறை வேறிடத்திலும் இருந்தால், இடைப்பட்ட குழாயில் நேற்றைய நீர் ஆறிப்போய் நிற்கும். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 10 மீட்டர் நீளக் குழாயில் 1¾ லிட்டர் நீர் தங்கும். சூடு வரும்வரை அதைத் தரையில் ஓடவிடாமல் வாளியிலேயே பிடித்தால் விளாவுவதற்கு ஆகும்.

நான்காவது, வேளை. வீட்டிலுள்ள அனைவருமே அதிகாலையில் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளில் வெயில் ஏறியபின் குளிக்கலாம். கூரையில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்திருப்பவர்களுக்கு மாலைக் குளியலே சிறந்தது. பகலெல்லாம் திரட்டிய வெப்பம் அப்போதுதான் நிறைவாக இருக்கும்.

ஐந்தாவது, பராமரிப்பு. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் ஆண்டிற்கொருமுறை, குளிர்காலத்திற்கு முன்பாகவே, மின்பணியாளரைக் கொண்டு கீசரைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

வெந்நீர் போதவில்லை என்றதும் மக்கள் கையாளும் சில குறுக்கு வழிகள் உயிருக்கே உலை வைப்பவை. இப்பகுதியைப் பெற்றோரும் அன்புகூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம்.

தெர்மாஸ்டாட்டை உச்சத்திற்குத் திருகலாகாது. 60 டிகிரி நீர் ஏறத்தாழ 5 விநாடிகளில் பெரியவர்களின் தோலையும் கடுமையாக வேகவைத்துவிடும். குழந்தைகளின் மென்மையான தோலுக்கு அந்நேரமும் வேண்டாம். வாளியில் எப்போதும் தண்ணீரை முதலில் பிடித்து, அதன்மேல் வெந்நீரை விளாவ வேண்டும். அப்படியானால் தெர்மாஸ்டாட்டை மிகவும் குறைத்துவிடலாமே என்றால், அதுவும் தகாது. தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில் லெஜியனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பலரைப் பலிகொண்ட நிமோனியாக் காய்ச்சலை ஆராய்ந்தபோது, 1977-இல் இது கண்டறியப்பட்டது. 60 டிகிரி வெப்பத்தில் இது பிழைத்திருப்பதில்லை. கலத்தில் 60 டிகிரி, வாளியில் 40 டிகிரி என்பதே நல்ல வழி.

பாதுகாப்பு வால்வை அடைக்கலாகாது. 25 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 380 மில்லி லிட்டர் கூடுகிறது. அழுத்தம் மிகும்போது வெளியேறவே அந்த வால்வு. அது சொட்டுகிறதே என்று கட்டையோ துணியோ வைத்து அடைப்பது, வீட்டிற்குள் வெடியை வைப்பதற்குச் சமம்.

வெந்நீர்க் கோலை அலட்சியமாகக் கையாளலாகாது. மின்சாரம் செல்லும்போது வாளித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து உயிரிழந்தோர் உண்டு. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே தண்ணீரைத் தொடவேண்டும். உலோக வாளி கூடவே கூடாது. கீசருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. ஆகவே விளக்குக்குரிய சிறிய பிளக்கில் அதைச் செருகக் கூடாது. பூமித் தொடர்புள்ள மூன்று முள் பெரிய பிளக்கே தேவை. குளிக்கச் செல்லுமுன் சுவிட்சை அணைக்கும் பழக்கம் மிக நல்லது.

கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைக்கலாகாது. "இதில் வெந்நீர் தீரவே தீராது" என்று பலர் இதை வாங்குகின்றனர். நீர் ஓடும்போதே சூடாவதால் அக்கூற்று உண்மைதான். ஆனால் காற்றோட்டமில்லாத சிற்றறையில் எரிவாயு எரியும்போது ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். குளித்துக்கொண்டிருப்பவர் தலைசுற்றிச் சாய்வார். கதவு தாழிட்டிருக்கும். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 1868-இல் முதல் கீசரிடம் இருந்த அதே குறை, இன்றும் கவனமற்ற வீடுகளில் உயிரைக் குடிக்கிறது. கேஸ் கீசர் இருந்தால் அது குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்கட்டும். உள்ளே வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். குளிப்பவர் நெடுநேரம் வெளிவராவிட்டால் குரல் கொடுத்துப் பார்ப்பது வீட்டாரின் கடமை.

ஒரு சிறு பயிற்சி

விடுமுறையில் மாணவிகள் தத்தம் இல்லத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். உங்கள் வாளி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதை ஒரு லிட்டர்ப் பாத்திரத்தால் அளந்துகொள்ளுங்கள். கீசரின்மேல் எழுதியுள்ள லிட்டரையும் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் துணையோடு சுவிட்சைப் போட்டு, சிவப்பு விளக்கு அணைய எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்று கடிகாரத்தில் பாருங்கள். நீங்கள் போட்ட கணக்கும் கடிகாரமும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று ஒப்பிடுங்கள். பிறகு வீட்டிலுள்ளோர் எண்ணிக்கைக்கு ஏற்ப, யார் எப்போது குளிப்பது என்று ஓர் அட்டவணை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். அந்த அட்டவணையில் அன்னையின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.

முடிவுரை

கலத்தில் உள்ள வெப்பம் அளவோடு கூடியது. ஒருவர் மிகுதியாக எடுத்தால் மற்றொருவருக்குக் குறைந்தே தீரும். இதை எந்தக் கருவியாலும் மாற்ற இயலாது. பெரிய கீசர் வாங்கினாலும் பெரிதாகச் செலவழிக்கும் பழக்கம் உடன்வந்தால், மீண்டும் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். நாம் படித்த 4.2 என்னும் எண் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று. நமக்குப் பின்னால் வருபவருக்கு எத்தனை சொம்பு மிஞ்சும் என்பதையும் அதுவே சொல்கிறது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக் குழாயைத் திறப்போம். ஆஸ்துமாவினால் வருந்தும் பாட்டிக்கும், அடுக்களையிலிருந்து கடைசியாக வரும் அன்னைக்கும் ஒரு வாளி வெந்நீர் என்றும் மிஞ்சட்டும்.